பதில் ரத்தம்

சும்மாட்டை இறக்கி வைத்த பிறகும் சண்முகக்கனியின் தலையில் பாரம் இருந்தது. இது புதிதல்ல. இருபது வருஷமாக உப்புப் பெட்டி சுமக்கிறவளுக்கு, பெட்டி கீழே போன பிறகும் கழுத்து கொஞ்ச நேரம் அதை விடாது. பிடரியில் ஆணி இறக்கியது போல ஒரு வலி, அங்கிருந்து இரண்டு தோளுக்கும் பிரியும். குதிகால் வெடிப்புக்குள் உப்புநீர் நின்று எரியும். எது எங்கே வலிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் கஞ்சி குடிக்க நேரம் இருக்காது. தூக்குவாளியைத் திறந்தாள்.

வெக்கைச் சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது. நாற்பத்து மூன்று டிகிரியைத் தாண்டினால் சங்கு ஊத வேண்டும், ஊதினால் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்த வேண்டும் என்று சட்டம் வந்து நாலு வருஷம் ஆகிறது. நிறுத்திய ஒரு மணி நேரத்தைச் சாயங்காலம் பிடித்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டத்தில் எழுதியிருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே கிடந்த அந்த உப்பளத்தில் தகரக் கொட்டகை ஒன்றுதான் நிழல். நாற்பது பெண்கள் அதில் ஒண்டியிருந்தார்கள். எல்லாரும் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, கண் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். வெயிலும் உப்பும் சேர்ந்து கண்ணைப் பறிக்கும் அந்த வெள்ளையில் எவள் எவள் என்று நடையை வைத்துத்தான் சொல்ல முடியும். இடது காலை இழுத்து வந்தால் அது ஜெபமணி.

"ஏட்டி கனி, கஞ்சிக்கு உப்பு போட்டியா? இல்ல அம்பாரத்துல போய் ஒரு கை அள்ளிட்டு வரட்டா?"

"அள்ளிட்டு வாங்கக்கா. கணக்கப்பிள்ளை பாத்தா அதையும் கூலியில பிடிப்பாரு."

ஜெபமணி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றது, மூச்சு மட்டும் ஓடியது. கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. சண்முகக்கனி அதைப் பார்த்தாள். பார்த்ததை ஜெபமணியும் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் கணக்கப்பிள்ளை சுயம்பு கொட்டகைக்கு வந்து போனைப் பார்த்து வாசித்தார்.

"நாளைக்கு மீதிக்காரவ ரத்தம் எடுக்க வாராவ. போன தடவை மாதிரி இல்ல, இந்தத் தடவை நம்பரை நம்ம கைக்கும் தருவாவ. பத்துக்கு மேல வந்தா பச்சை. பச்சைக்குப் பெரிய பெட்டி, ஒரு நாளைக்கு அறுபது நடை, கூலியும் கூட. நாலுல இருந்து பத்து வரை மஞ்சள், இப்ப உள்ளபடியே. நாலுக்குக் கீழ சிவப்பு."

"சிவப்புக்கு என்ன அண்ணாச்சி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சிவப்புக்கு லேசான வேலையும் மாசப் படியும். அரசாங்கம் ஆர்டர் போடும்."

"போட்டாச்சா?"

"போடும். போடுத வரைக்கும் வீட்ல இரிங்க."

'மீதி' என்பது அந்தக் கருவியின் பெயர். நகத்தளவு கண்ணாடிச் சில்லு. அதில் ஒரு துளி ரத்தம் விட்டால், பாரம் சுமக்க அந்த உடம்பில் இன்னும் எத்தனை உப்புப் பருவம் மீதி இருக்கிறது என்று ஒரு எண் வரும். சிப்காட் பக்கம் ஒன்பது பேரை வைத்துக் கம்பெனி நடத்தும் அதிசயராஜ் கண்டுபிடித்தது. சிறு கம்பெனிகள் மருத்துவ ஆராய்ச்சிக் கருவி செய்ய அரசாங்கம் கொடுக்கும் மானியத்தில் செய்தது. தை மாதம் முதல் தடவை ரத்தம் எடுக்க வந்தபோது அவனே கொட்டகையில் நின்று விளக்கினான்.

"வண்டி ஓட ஓட டயர் தேயும்லா. தேஞ்ச தூளு ரோட்டுல கிடக்கும். அதே மாதிரி உடம்பு தேயும்போது ரத்தத்துல ஒரு தூளை விடும். நெஞ்சு ஒண்ணு விடும், கிட்னி ஒண்ணு விடும், தசை ஒண்ணு விடும். நாங்க அந்தத் தூளை எண்ணுதோம். எண்ணினா டயரு இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்னு தெரிஞ்சிரும்."

"அப்ப நம்ம எல்லாரும் டயருங்காரு," என்றாள் ஜெபமணி. "பஞ்சர் ஒட்டுவீங்களா தம்பி?"

கொட்டகையே சிரித்தது. அதிசயராஜும் சிரித்தான். "ஒட்டத்தான்க்கா இதைச் செய்யுதேன். தேஞ்சவங்களுக்கு லேசான வேலை வாங்கித் தரணும். எங்கம்மா இதே அளத்துல நாப்பத்தோரு வயசுல விழுந்தா. இவளால முடியலைன்னு சொல்ல அன்னைக்கு ஒரு காயிதம் கிடையாது."

அன்றைக்கு ஆளை அடையாளம் வைக்க விரல்ரேகை எந்திரம் கொண்டுவந்திருந்தார்கள். நாற்பது பெண்களில் ஒருத்தியின் ரேகையைக்கூட அது எடுக்கவில்லை. ரத்தம் எடுக்க வந்த பிரிசில்லா சண்முகக்கனியின் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரேகையே இல்லையேக்கா." உப்பு தின்றுவிட்டது. கடைசியில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அட்டையில் பேரும் எண்ணும் மட்டும் இருக்கும். தை மாதத்துச் சோதனையில் வந்த நம்பரை யாருக்கும் சொல்லவில்லை.

சுயம்பு வாசித்துவிட்டுப் போனதும் பெண்கள் தூக்குவாளிகளை மூடினார்கள். பக்கத்து அளத்தில் போன மாதமே நம்பர் வாசித்துவிட்டார்கள். ஏழு பேர் சிவப்பு. ஏழு பேரும் வீட்டில் இருக்கிறார்கள்.

"கனி," என்றாள் ஜெபமணி மெதுவாக. "உனக்கு இன்னும் பதினோரு நாள் நிக்கில்லா?"

"நிக்கு. மறக்கலக்கா."

அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வர முடியாதவள் தன் பேரில் இன்னொருத்தியை அனுப்புவாள். வந்தவள் அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் பேருக்கு நிற்பாள், கூலி வராதவளுக்குப் போகும். அதற்குப் பேர் பதில். நின்ற நாளை நாளாகத்தான் திருப்ப வேண்டும். காசாகக் கொடுத்தால் யாரும் வாங்கமாட்டார்கள். கொடுத்தால் அது கூலி, பதில் இல்லை. அளத்துப் பெண்களில் ரொம்பப் பேருக்கு வீட்டில் பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, யாருக்கு எத்தனை பதில் நிற்கிறது என்று தெரியும்.

சண்முகக்கனிக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது ஜெபமணி இருபத்து மூன்று நாள் நின்றாள். தன் ஷிப்டு காலையில், இவள் ஷிப்டு மத்தியானம். பன்னிரண்டு நாளைச் சண்முகக்கனி திருப்பிவிட்டாள். மீதி பதினொன்று.

"எனக்கு அந்தப் பதினோரு நாள் வேண்டாம்," என்றாள் ஜெபமணி. "நாளைக்கு ரத்தத்துக்கு ஒரு பதில் நில்லு. ஒரு சொட்டு. எல்லாம் கழிஞ்சுதுன்னு வச்சிக்கிடுதேன்."

சண்முகக்கனி அவள் கணுக்காலைப் பார்த்தாள். பள்ளம் இன்னும் முழுசாக மேலே வரவில்லை.

"எக்கா, ஆஸ்பத்திரிக்குப் போங்களேன்."

"போயி? படுன்னு சொல்லுவான். எங்க வீட்டுக்காரருக்கு யாரு சோறு போடுவா? கண்ணு ரெண்டும் போயி உக்காந்திருக்காரு. சிவப்புன்னு வந்துட்டா நாளைக்கே வீடு. இந்த ஒரு பருவம் ஓட்டிருவேன், பாத்துக்கோ. மழை வந்தா எப்படியும் மூணு மாசம் படுக்கத்தானே போறோம்."

நாற்பது பேரில் நல்ல ரத்தம் சண்முகக்கனிக்குத்தான் இருக்கும் என்று கொட்டகைக்கே தெரியும். அவள் அப்பா எழுபது வயசில் மூட்டை சுமந்தவர். அவளுக்கு நல்லதாக வந்து சேர்ந்த சொத்து அது ஒன்றுதான்.

மறுநாள் வெக்கைச் சங்கு ஊதிய நேரத்தில் வேன் வந்தது. சண்முகக்கனி தன் அட்டையோடு வரிசையில் நின்று வலது கையைக் கொடுத்தாள். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் ஜெபமணியின் நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, இடது காலை லேசாக இழுத்தபடி மறுபடி வரிசைக்கு வந்து இடது கையைக் கொடுத்தாள். பிரிசில்லா அட்டையைத்தான் பார்த்தாள்.

"நல்லா தண்ணி குடிங்க ஜெபமணியக்கா."

"குடிக்கேன்மா."

ஒரு சொட்டு. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. வரிசையில் வேறு யார் யார் சட்டை மாறியிருந்தார்கள் என்று சண்முகக்கனி பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது, அதுவும் வழக்கம்தான்.

சாயங்காலம் சுயம்பு வாசித்தார். "சண்முகக்கனி, பதினேழு, பச்சை." கொஞ்சம் தள்ளி, "ஜெபமணி, பதினேழு, பச்சை. எப்பா! இந்தக் காலை இழுத்துக்கிட்டு பதினேழா? உள்ள இரும்பு போலிருக்கே."

"பெத்தவ அப்படிப் பெத்துருக்கா அண்ணாச்சி," என்றாள் ஜெபமணி. சண்முகக்கனியின் இடுப்பில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

மஞ்சள் வந்திருந்தால் பிழைத்திருப்பாள். அதைச் சண்முகக்கனி பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். கொஞ்சம் கெட்ட ரத்தம் உள்ளவள் யாராவது பதில் நின்றிருந்தால் போதும். ஆறு, ஏழு என்று வந்திருக்கும். பழைய பெட்டி, பழைய நாற்பது நடை. ஓட்டியிருப்பாள்.

பச்சைப் பெட்டி முப்பத்தைந்து கிலோ. பத்து நாளில் ஜெபமணியின் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. சிரிப்பு போனது. பெட்டியை ஏற்றிவிட இரண்டு பேர் பிடித்தால், ஏற்றிய இடத்திலேயே ஒரு நிமிஷம் நின்று மூச்சைத் தேடிக்கொண்டுதான் காலை எடுத்து வைத்தாள். சண்முகக்கனி சுயம்புவிடம் போனாள்.

"அண்ணாச்சி, ஜெபமணியக்காவுக்கு ஒரு வாரம் நான் பதில் நிக்கேன். என் ஷிப்டு முடிஞ்சதும் வந்துருதேன்."

"அதெல்லாம் இனி கிடையாதும்மா. நம்பரு ஆளோட ஒட்டினது. ஆள் மாறினா கணக்கு கெட்டுரும்னு கம்பெனியில கண்டிசனா சொல்லிட்டாவ."

"முன்ன விடுவீங்கள்லா?"

"முன்ன நம்பரு இல்லல்லா."

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பத்தெட்டாவது நடையில், ஜெபமணி வரப்பின் மேல் உட்கார்ந்தாள். பெட்டியை இறக்கவில்லை, பெட்டியோடு உட்கார்ந்தாள். பின்னால் வந்த சண்முகக்கனி தன் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் பெட்டி சரிந்து உப்பு முழுக்க ஜெபமணியின் மடியில் கொட்டியிருந்தது. முகத்துணியை அவிழ்த்தபோது உதடு நீலமாக இருந்தது. ஏதோ சொல்ல வருகிறாள் என்று சண்முகக்கனி காதை வைத்தாள். மூச்சு மட்டும் இரண்டு தடவை வந்தது, பிறகு அதுவும் வரவில்லை.

நஷ்டஈடு கேட்டு நாலு பேர் போய் நின்றார்கள். சுயம்பு கெட்டவர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"பதினேழு பருவம் மீதி உள்ள உடம்பு. வேலையிலதான் செத்தான்னு நான் எப்படி எழுத? முதலாளி கருவியைக் காட்டுதாரு. வீட்ல என்னத்தைத் தின்னாளோ, என்ன கவலையோ."

சண்முகக்கனி அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வரிசையில் சட்டை மாற்றிய அத்தனை பேரும் நாளைக்கு வீட்டில் இருக்க வேண்டும். சொல்ல வேண்டிய இடம் இது இல்லை என்று நினைத்தாள். மூன்றாம் நாள், அடக்கம் முடிந்த கையோடு பஸ் ஏறி அதிசயராஜின் கம்பெனிக்குப் போனாள்.

கார் பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஏசி ஒரு அறைக்குத்தான். அதிசயராஜ் அவளை உட்காரச் சொன்னான். அவள் நின்றபடியே சொன்னாள்.

"தம்பி, ஜெபமணி அட்டையில ரத்தம் கொடுத்தது நான். அவ இல்ல. அவளுக்குப் பதினேழு கிடையாது."

அவன் திடுக்கிடுவான், கத்துவான் என்று நினைத்து வந்திருந்தாள். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"தெரியும்க்கா."

"எது?"

"உங்க விரல் ரேகையைத்தான் உப்பு தின்னுட்டு. ரத்தத்துக்கும் ஒரு ரேகை உண்டு, அதை உப்பு தின்னாது. நாங்க சோதிச்ச மூணு அளத்துலயும் சேத்து அட்டை நூத்தியிருபது. ரத்தம் எழுபத்தொன்பதுதான். அன்னைக்கே கருவி காட்டிட்டு."

சண்முகக்கனிக்கு இப்போது உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

அதிசயராஜ் மேஜை மேல் கிடந்த தடித்த அறிக்கையைத் தள்ளி வைத்தான். பேசும்போது அவளைப் பார்க்கவில்லை.

"மானியம் மூணு கட்டம்க்கா. முதல் கட்டத்துல கருவி செய்யணும், செஞ்சேன். ரெண்டாம் கட்டத்துல மனுசங்க மேல சோதிச்சுக் காட்டணும். அப்பவே வாங்குறதுக்கு ஒரு ஆளையும் காட்டணும். ஆஸ்பத்திரில கேட்டேன், நலவாரியத்துல கேட்டேன். யாரும் வாங்கல. அளத்து முதலாளிதான் வாங்குதேன்னாரு, நம்பரைக் கண்ணுல காட்டினா வாங்குதேன்னாரு. காட்ட ஒத்துக்கிட்டேன். அதுக்குள்ள டெல்லியில ஒரு கேள்வி கேட்டாங்க. ஒரே ரத்தத்தை, அது ஒரே ரத்தம்னு தெரியாத ஆளு, ரெண்டு தடவை சோதிச்சா ஒரே நம்பர் வருமான்னு. அதை நிரூபிக்க ஆறு மாசம் ஆகும், ஆறு மாசத்துக்கு என்கிட்ட சம்பளம் போட வழி இல்ல. அந்த நேரத்துல நீங்க எல்லாரும் சட்டை மாத்தி நின்னீங்க."

"நின்னா?"

"நாப்பத்தோரு ரத்தம் ரெண்டு தடவை வந்துச்சு. பிரிசில்லாவுக்குத் தெரியாது. நாப்பத்தொண்ணும் அச்சா அதே நம்பரு. உங்க அட்டையில பதினேழு, ஜெபமணியக்கா அட்டையிலயும் பதினேழு. இதை விட நிரூபணம் கிடையாது. நான் வேணும்னே வச்ச சோதனைன்னு எழுதிட்டேன். ஆள் நூத்தியிருபதுன்னும் எழுதினேன், இரட்டை ரத்தம் நாப்பத்தொண்ணுன்னும் எழுதினேன். கூட்டிக் கழிச்சுப் பாக்க அங்க யாருக்கும் நேரம் இல்ல."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சண்முகக்கனி மெதுவாகக் கேட்டாள்.

"தை மாசம் எடுத்தீங்களே. அது அவ ரத்தம். அவளே கொடுத்தா. அதுல என்ன வந்தது?"

அவன் அறிக்கையின் ஓரத்தை மடக்கினான்.

"தம்பி, உன்னைத்தான். என்ன வந்தது?"

"ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"ஒரு பருவம். அதுவும் பழைய பெட்டிக்கு. மெஷின் தப்பு சொல்லலக்கா. தையில ஒண்ணு, சித்திரையில பதினேழு. பாத்ததும் புரிஞ்சுபோச்சு. தை மாசத்து நம்பரைப் பிழைன்னு போட்டு அடிச்சிட்டேன்."

"அவ சாவான்னு உனக்குத் தெரியும்."

"உங்களுக்கும் தெரியும்லாக்கா. கால் வீக்கத்தைப் பாத்தீங்கள்லா."

அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும், எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"வர்ற வியாழக்கிழமை சென்னையில மூணாம் கட்டத்துக்குக் கமிட்டி. அது கிடைச்சா மாவட்டம் முழுக்கப் போவும். சிவப்புக்காரங்களுக்குப் படி ஆர்டர் அந்தக் கட்டம் முடிஞ்சாத்தான் போடுவாங்க. இப்ப நான் உண்மையைச் சொன்னா ரெண்டு கட்டத்துப் பணத்தையும் திருப்பிக் கேப்பாங்க, கடையை மூடணும், ஆர்டர் ஒருத்தருக்கும் வராது. சொல்லலைன்னா..." நிறுத்தினான். "பயனாளி ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீங்க வாங்கக்கா. உங்களுக்கு என்ன சொல்லணும்னு தோணுதோ அங்க சொல்லுங்க. என்னால சொல்ல முடியல. நீங்க சொன்னா நான் தடுக்கமாட்டேன்."

அந்த நேரத்தில் அவன் அதை மனசோடுதான் சொன்னான். சண்முகக்கனி இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறாள்.

சென்னையில் ஒரு ஓட்டலின் ஐந்தாவது மாடி. நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர், நாலு பேருக்குத் தமிழ் தெரியாது. ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த அதிகாரி மட்டும் மதுரைக்காரர் என்று கூட வந்திருந்த பிரிசில்லா காதில் சொன்னாள். குளிரில் சண்முகக்கனியின் கழுத்து வலி முதுகுக்கு இறங்கியது. அதிசயராஜ் திரையில் படம் காட்டினான், கோடு காட்டினான். தலைவர் நரைத்த தாடிக்காரர். அவர் தலையசைத்த இடங்களில் மற்றவர்களும் தலையசைத்தார்கள். பிறகு அவளைக் காட்டி ஏதோ கேட்டார்.

"ரெண்டு நிமிசம்க்கா," என்றான் அதிசயராஜ். "நீங்க சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷ்ல சொல்லுதேன்."

பஸ்ஸில் வரும்போது அவள் நிறையக் கோத்து வைத்திருந்தாள். எழுந்து நின்றதும் எல்லாம் போய், இவ்வளவுதான் வந்தது.

"ஜெபமணின்னு ஒருத்தி செத்துட்டாய்யா. அட்டையில அவ பேரு இருக்கு, உள்ள இருக்கது என் ரத்தம். ஜெபமணி என் ரத்தம்யா."

மதுரைக்காரரின் பேனா நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அதிசயராஜைப் பார்த்தார்.

அதிசயராஜ் தாடிக்காரர் பக்கம் திரும்பினான். பிறகு இங்கிலீஷில் சொன்னான். நீளமாக இல்லை, இரண்டே வாக்கியம். அதில் "ஜெபமணி" வந்தது, "பிளட்" வந்தது. பிளட் என்றால் ரத்தம் என்று ஆஸ்பத்திரி போன யாருக்கும் தெரியும். சொல்லிவிட்டான், தீர்ந்தது என்று சண்முகக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். இனி என்ன வந்தாலும் வரட்டும்.

தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து வந்து அவள் முன்னால் கைகூப்பினார். மேஜைக்குப் பின்னால் ஒருவர் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். மதுரைக்காரர் தட்டவில்லை. தலையைக் குனிந்தார், பேனா மறுபடி ஓடியது.

மாடிப்படியில் இறங்கும்போது பிரிசில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அதிசயராஜ் சார் சரியாச் சொல்லலக்கா. ஜெபமணி இவங்களுக்கு ரத்த சொந்தம், அந்தத் துக்கத்துலயும் இந்தக் கருவிக்காக வந்திருக்காங்கன்னு சொன்னாரு."

சண்முகக்கனி திரும்பி ஏறினாள். வெடித்த குதிகாலோடு மூன்று மாடி ஏறினாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வேறொரு கம்பெனி, வேறொரு கருவி. காவலுக்கு நின்றவன் அட்டை கேட்டான். அவளிடம் அளத்து அட்டைதான் இருந்தது.

அதிசயராஜ் வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றான்.

"நீங்க சொன்ன வார்த்தையைத்தான்க்கா சொன்னேன்," என்றான். "ரத்தம்னுதான் சொன்னேன்."

அவள் அவனை அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றியது, கை எழவில்லை. அவன் முகம் அழுத முகமாக இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை.

ஊருக்கு வந்ததும் ஜெபமணியின் புருஷன் அருளப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுவரைத் தடவி வந்து கட்டிலில் உட்கார்ந்து கேட்டார் அவர். கடைசியில், "அவ அன்னைக்கு வந்து சொன்னா," என்றார். "கனிகிட்ட இனி நாளே கிடையாது, எல்லாம் கழிஞ்சு போச்சுன்னு. சந்தோசமா சொன்னா. நீயும் அதையே வச்சிக்கோம்மா."

"உங்களுக்குச் சமைச்சுப் போட்டுக் கழிக்கட்டா அண்ணாச்சி?"

"அது வேற, இது வேற. அளத்து நாளை அளத்துலதான் திருப்பணும்பா அவ. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது."

அடுத்த தை மாதம் மாவட்டம் முழுக்க வேன்கள் வந்தன. வேனின் பக்கவாட்டில் சிரிக்கும் பெண் படம் ஒட்டியிருந்தது. சிவப்புக்காரர்களுக்கான ஆர்டர் பரிசீலனையில் இருப்பதாகச் சுயம்பு வாசித்தார். அட்டை முறையை எடுத்துவிட்டார்கள். இப்போது ரத்தமே ஆளை அடையாளம் சொல்லும், யாரும் யாருக்கும் பதில் நிற்க முடியாது. கொட்டகையில் இருந்த நாற்பது பேரில் பன்னிரண்டு பேர் வீட்டில் இருந்தார்கள்.

பிரிசில்லா வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். புதுப் பெண் சண்முகக்கனியின் விரலில் குத்தினாள். கருவி கொஞ்சம் யோசித்தது. திரையில் இரண்டு பெயர்கள் வந்தன.

"சண்முகக்கனின்னு ஒண்ணு காட்டுது, ஜெபமணின்னு ஒண்ணு காட்டுது. ரெண்டும் பதினேழு. இதுல நீங்க யாருக்கா?"

"ஜெபமணி செத்துட்டா."

"சரி, அதை அழிச்சிருதேன்." அழித்தாள். "உங்களுக்குப் பதினாறு. நல்ல ரத்தம்க்கா. பச்சை."

சண்முகக்கனி சும்மாட்டைச் சுருட்டி வைத்தாள். இரண்டு பேர் பிடித்துப் பெரிய பெட்டியை ஏற்றிவிட்டார்கள். கழுத்து பழைய இடத்தில் வலித்தது. வரப்பில் ஏறி நடந்தாள். ஒரு துளியில் கடன் கழிந்ததாக ஜெபமணி நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அது கழியாது. அந்தத் துளி அவளுக்குப் பதில் நிற்கவில்லை, அவளைக் கொண்டுபோனது. இன்னும் பதினாறு பருவம் சுமக்கலாம், அதில் ஒரு நாளைக்கூட ஜெபமணி பேரில் சுமக்க முடியாது.

ஜெபமணிக்குச் சண்முகக்கனி தர வேண்டியது பதினோரு நாள்.